ஒரே கம்பியில் சேதியும் சோறும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஒரு இருபது நிமிஷம் ஏதாவது பேசுங்க சார்" என்று செயலாளர் போனில் கேட்டார். "நெட்வொர்க் கேபிள் வழியாகச் சின்னக் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுப்பது எப்படி என்று பேசட்டுமா?" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க தமிழ் படிச்சவர்தானே?" என்று கேட்டார். "ஆமாம் ஐயா, தமிழ் படிச்சிட்டுத் தொலைபேசித் துறையிலே கம்பியோட குடும்பம் நடத்தினவன்" என்றேன். ஆகவே இலக்கியச் சொற்பொழிவை எதிர்பார்த்து வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

ஆனால் திருப்பனந்தாளில் நின்று கம்பியைப் பற்றிப் பேசுவது அப்படியொன்றும் பொருத்தமில்லாத காரியமல்ல. தாடகை மாலை சாத்துவதற்காகச் சாய்ந்த பெருமானை யானைகளைக் கட்டி இழுத்தும் நிமிர்த்த முடியவில்லை என்றும், குங்கிலியக் கலய நாயனார் தம் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டி இழுத்தபோது பெருமான் நிமிர்ந்தார் என்றும் சொல்வது இந்த ஊரின் தலபுராணம். மெல்லிய கயிறு வழியாகப் பெரிய காரியம் நடக்கும் என்பது நமக்குப் புதிய செய்தியல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். கரண்ட்டை மேசைக்கு மேசை கொண்டுபோய்த் தனித்தனியாகக் காப்பாற்ற முயலாதீர்கள். ஓரிடத்தில் வைத்துக் காப்பாற்றுங்கள். சேதி போகிற கம்பியிலேயே அதையும் சேர்த்து அனுப்புங்கள். அப்படிச் செய்தால் மின்வெட்டு வந்தாலும் படிப்பு நிற்காது.

மின்வெட்டு என்றால் என்னவென்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லாமல் தவித்தோம். அந்த நிலைமை பிறகு மாறியது என்றாலும், மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் முழுக்க நிறுத்துவது இருக்கிறது. ஐப்பசி மழையில் கிளை முறிந்து விழுவதும் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் கூட்டங்கூட்டமாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் வெளிச்சம் இல்லை. செல்போன் கோபுரங்களும் பேட்டரி இறங்கி அடங்கிப்போயின. கையில் போன் இருந்தது, சேதி இல்லை.

இதற்கு முந்தைய தலைமுறையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் கறுப்பு டெலிபோன் இருக்கும். புயல் அடிக்கும், தெருவே இருட்டாகக் கிடக்கும். ஆனால் கம்பி அறுந்துபோகாத வரையில், ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். எப்படி? அந்தப் போனுக்கு வீட்டு மின்சாரமே வேண்டியதில்லை. எக்ஸ்சேஞ்சில் பேட்டரி அறை என்று ஒன்று உண்டு. உள்ளே போனால் ஆசிட் நெடி மூக்கைத் துளைக்கும். 2 வோல்ட் செல்கள் 24, வரிசையாகக் கோத்திருக்கும். ஆக மொத்தம் 48 வோல்ட். அதுதான் இரண்டு கம்பி வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேரும். அதே இரண்டு கம்பியில்தான் பேச்சும் போகும். சேதியும் சோறும் ஒரே இலையில்!

டெலிபோன் வந்த புதிதில் இப்படி இல்லை. சென்னையில் முதல் எக்ஸ்சேஞ்சு 1882இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனிப் பேட்டரி. ஆயிரம் வீடு என்றால் ஆயிரம் பேட்டரி. எது எப்போது உயிரை விடும் என்று யாருக்கும் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பேட்டரியை எக்ஸ்சேஞ்சுக்கே கொண்டுவந்து ஓரிடத்தில் வைத்துப் பராமரிக்கும் முறை பரவியது. வீட்டுக்கு வீடு ஓடுவதை விட்டுவிட்டு ஓர் அறையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் போதும் என்றாயிற்று.

ஏன் 48 வோல்ட் என்று கேட்பீர்கள். குறைவாக வைத்தால் நெடுந்தூரம் போய்ச் சேராது. அதிகம் வைத்தால் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு நியாயமான அளவு. உலர்ந்த கையால் தொட்டால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் நீங்கள் கம்பியைப் பிடித்திருக்கும்போது அந்த வீட்டுக்கு யாராவது போன் செய்தால், மணியடிக்கச் சுமார் 75 வோல்ட் மாறுமின்னோட்டம் வரும். அப்போது கம்பத்தின் உச்சியில் இருப்பவருக்குச் சுருக்கென்று இருக்கும். போன் செய்தவரின் பரம்பரையே அங்கிருந்து வாழ்த்துப் பெறும்!

இன்னொரு நுணுக்கம். எக்ஸ்சேஞ்சு பேட்டரியில் பாஸிட்டிவ் முனையைத்தான் எர்த் செய்வார்கள். கம்பியில் போவது மைனஸ் 48. ஈர மண்ணில் புதைந்து கிடக்கும் செம்பு சீக்கிரம் அரித்துப் போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. சேறும் ஈரமுமான நம் காவிரிப் படுகைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது பள்ளம் தோண்டி ஜாயிண்ட் போட்டவர்களுக்குத் தெரியும்.

பிறகு கம்ப்யூட்டர் காலம் வந்தது. கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஈதர்நெட் முறை 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. முதலில் தடிமனான கேபிள். 1990இல் முறுக்கிய இணைக் கம்பிகளில் ஓடும் வகைக்குத் தரநிலை வகுத்தார்கள். நாம் நெட்வொர்க் கேபிள் என்று சொல்கிறோமே, எட்டுக் கம்பி, நான்கு ஜோடி, அது டெலிபோன் கம்பியின் வம்சம்தான். ஆனால் வரும்போது ஒரு சீதனத்தைப் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது. சேதி வந்தது, சோறு வரவில்லை. டெலிபோனே கம்ப்யூட்டர் வலையில் ஓடத் தொடங்கியபோதுதான் இந்தக் குறை உறைத்தது. கரண்ட் போனால் போனும் போயிற்று! எனவே 2000ஆம் ஆண்டு வாக்கில் நிறுவனங்கள் தத்தம் பாணியில் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பத் தொடங்கின. 2003இல் ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 802.3 ஏ.எஃப். என்று பொதுத் தரநிலை வகுத்தது. இதற்குப் பெயர் பவர் ஓவர் ஈதர்நெட், சுருக்கமாக பி.ஓ.ஈ. எத்தனை வோல்ட் தெரியுமா? நம் பழைய 48 வோல்ட் சுற்றுவட்டாரம்தான். பாட்டி வைத்தியம் திரும்பி வந்ததைப் போல.

நீங்கள் எல்லாரும் இதைப் பார்த்திருக்கிறீர்கள். கடைத்தெருவில், வங்கியில், கோயில்களில் மாட்டியிருக்கும் புதுவகைக் கேமராக்கள் பலவற்றுக்கு ஒரே ஒரு கேபிள்தான் போகும். பக்கத்தில் பிளக் பாயிண்ட்டே இருக்காது. அதுதான் இது.

சரி, ஒரே கம்பியில் இரண்டும் போனால் ஒன்றோடொன்று கலந்துவிடாதா? நம் ஊர்த் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டிலும் ஒரே எடையை வைத்தால் முள் அசையாது. ஒரு ஜோடியின் இரண்டு கம்பியிலும் மின்சாரத்தைச் சமமாக ஏற்றுகிறார்கள். இன்னொரு ஜோடி வழியாக அது திரும்புகிறது. கம்ப்யூட்டர் சேதியைப் படிப்பதோ ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை வைத்து. அதாவது முள் அசைவதுதான் சேதி; தட்டில் உள்ள எடைதான் சோறு. எடை எவ்வளவு இருந்தாலும், இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் வரை முள்ளுக்கு அது தெரியாது.

இனி வாய்க்கால் கணக்கு. நம் பிள்ளைகளுக்கு ஓம் விதியைச் சொல்ல வயலைவிட நல்ல கரும்பலகை கிடையாது. மேட்டூரில் திறந்த தண்ணீர் அத்தனையும் கடைமடைக்கு வந்து சேருகிறதா? வழியில் மண் குடிக்கிறது. கம்பியும் அப்படித்தான். நூறு மீட்டர் கேபிளில், போக இரண்டு வர இரண்டு கம்பி சேர்ந்து 12.5 ஓம் வரை தடை இருக்கலாம் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். நம் சின்னக் கம்ப்யூட்டருக்கு வேண்டியது 5 வோல்ட். "அப்படியானால் 5 வோல்ட்டையே இந்த முனையில் விட்டால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். 6 வாட் வேண்டுமானால் 1.2 ஆம்பியர் ஓட வேண்டும். 1.2 ஆம்பியர் 12.5 ஓமில் ஓடினால் வழியிலேயே 15 வோல்ட் இழப்பு. நம்மிடம் இருப்பதே 5! கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் வராது.

அதே 6 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்புங்கள். ஓட வேண்டியது 0.125 ஆம்பியர்தான். வழியில் இழப்பு ஒன்றரை வோல்ட்டுக்குச் சற்று மேல், வீணாவது 0.2 வாட். அழுத்தம் பத்து மடங்கானால் வழி இழப்பு நூறில் ஒரு பங்காகும். மின்வாரியம் உயரக் கோபுரம் கட்டி லட்சக்கணக்கான வோல்ட்டில் மின்சாரம் கொண்டுவருவதும் இதே கணக்கில்தான். கடைமடைக்கு வந்த பிறகு, அங்கே ஒரு சிறு மதகு வைத்து 48ஐ 5ஆக இறக்கிக்கொள்ள வேண்டியது. இந்தத் தரநிலையில் எனக்குப் பிடித்த விஷயம், வாய்க்கால் குடிப்பதைக் கழித்துவிட்டு நேர்மையாகக் கணக்குச் சொல்வது. 2003 தரநிலையில் தலைமடையில் 15.4 வாட், கடைமடையில் 12.95 வாட். 2009இல் வந்த 802.3 ஏ.டி.யில் 30 கொடுத்தால் 25.5 நிச்சயம். 2018இல் வந்த 802.3 பி.டி.யில் 90 வரை கொடுக்கலாம், 71.3 போய்ச் சேரும்.

கொடுப்பதிலும் ஒரு பண்பாடு வைத்திருக்கிறார்கள். பாத்திரமறிந்து பிச்சையிடு என்பார்கள் அல்லவா? பி.ஓ.ஈ. ஸ்விட்ச் எடுத்த எடுப்பில் 48 வோல்ட்டை விடாது. முதலில் 3 முதல் 10 வோல்ட் அளவில் மெதுவாகத் தட்டிப் பார்க்கும். எதிர்முனையில் 25 கிலோ ஓம் தடை ஒன்று இருந்தால், "ஆமாம், எனக்கு வேண்டும்" என்று பொருள். பிறகு எவ்வளவு வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு முழு அழுத்தத்தைத் தரும். சாதாரண லேப்டாப்பைச் செருகினால் அந்தப் பதில் வராது, மின்சாரமும் போகாது. கேபிளைப் பிடுங்கினால் அரை நொடிக்குள் நிறுத்திவிடும்.

சின்னக் கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொண்டே போகிறேனே, அது எது? 2012 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராஸ்பெர்ரி பை என்ற ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டரை வெளியிட்டார்கள். ஏ.டி.எம். கார்டு அளவு, விலை 35 டாலர். பள்ளிப் பிள்ளைகள் பயப்படாமல் கழற்றி மாட்டிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். 2018இல் வந்த 3 பி பிளஸ் பலகையில் பி.ஓ.ஈ.க்கென்றே நான்கு சிறு ஊசிகள் வைத்தார்கள். அதன் மேல் தொப்பி மாதிரி ஒரு சிறு பலகையைப் பொருத்தினால் 48ஐ 5ஆக இறக்கித் தரும். அந்த ஊசி இல்லாத பலகைகளுக்கு ஸ்ப்ளிட்டர் என்ற சிறு பெட்டி கிடைக்கிறது; கேபிளை வாங்கி, சேதியை ஒரு வாயிலும் 5 வோல்ட்டை இன்னொரு வாயிலும் பிரித்துத் தரும். 2023இல் வந்த பை 5 கொஞ்சம் பசிக்காரப் பிள்ளை, அதற்கு 802.3 ஏ.டி. ஸ்விட்ச் வேண்டும்.

இந்தப் பலகைக்கு ஒரு பலவீனம் உண்டு. எல்லாவற்றையும் மெமரி கார்டில் எழுதி வைக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது பொசுக்கென்று கரண்ட் போனால் கார்டில் உள்ளது குழம்பிவிடலாம். மறுநாள் பெட்டி எழுந்திருக்காது. ஆகவே இதற்கு மின்சாரத்தைக் காப்பது என்பது வசதிக்காக மட்டுமல்ல, படித்துச் சேர்த்ததைக் காப்பதற்காக. பி.ஓ.ஈ.யில் இன்னொரு நன்மையும் உண்டு. மொட்டை மாடியில் வைத்த பெட்டி தொங்கிப் போனால் ஏணி எடுக்க வேண்டாம். நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச் என்றால், கீழே உட்கார்ந்தபடியே அந்த ஒரு வாயை அணைத்துப் போடலாம்.

நம் நாட்டிலும் இந்த வழியில் யோசித்தவர்கள் உண்டு. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, மின்சாரத்தை நம்ப முடியாது என்பதால் சூரியத் தகடுகளையும் சேர்த்தே வைத்தார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயரம் ஒலிபெருக்கியில் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் வீடுகளுக்கே 48 வோல்ட் நேர்மின்சாரம் தந்து, மின்வெட்டு நேரத்திலும் விளக்கும் விசிறியும் ஓடச் செய்யும் முறையை உருவாக்கினார்கள். 48 வோல்ட் விநியோகத்துக்கு 2017இல் இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது.

இப்போது நம் கல்லூரிக்கு என் யோசனை. பெரிய கம்ப்யூட்டர் கூடம் கட்டச் சொல்லவில்லை. பிள்ளைகள் பெரும்பாலோர் கையில் போன் இருக்கிறது. அதில் திரையும் இருக்கிறது, பேட்டரியும் இருக்கிறது. இல்லாதது நூலகம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் நூல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. முகப்புப் பக்கத்தை மாற்றாமல் யாரும் பகிரலாம். அவற்றையும் நம் பழைய வினாத்தாள்களையும் ஆசிரியர் குறிப்புகளையும் ஒரு சின்னப் பலகையில் ஏற்றுவோம். மாற்றுக்கு இன்னொன்று. நூலகம், வகுப்பறைகள், முற்றம் என்று நான்கு இடத்தில் வைஃபை பெட்டிகள். எல்லாவற்றுக்கும் ஒரே பி.ஓ.ஈ. ஸ்விட்ச், அதற்குப் பின்னால் ஒரு வீட்டு இன்வெர்ட்டர். இணையம் அறுந்தாலும் கரண்ட் போனாலும் பிள்ளை படித்துக்கொண்டிருக்கலாம்.

கணக்கு இதோ. இரண்டு பலகை 12 வாட், நான்கு வைஃபை பெட்டி 32 வாட், ஸ்விட்ச் 10, கழிவு கொஞ்சம். 60 வாட் என்று வையுங்கள். 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கிறது. ஆயுள் கருதிப் பாதிதான் எடுக்க வேண்டும், 900. இன்வெர்ட்டர் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும், மீதி 720. அறுபதால் வகுத்தால் 12 மணி நேரம். பராமரிப்பு நாள் முழுவதும் தாங்கும். பாதி பேட்டரி அப்போதும் மிச்சம்.

செய்யும்போது மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, கேபிளில் சிக்கனம் பார்க்காதீர்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள் கடையில் மலிவாகக் கிடைக்கும். தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, சூடேறும், ஒடியும். சுத்தச் செம்புதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு, கேட்காமலே 24 வோல்ட்டை விடுகிற மலிவு இன்ஜெக்டர்கள் இருக்கின்றன. விசாரிக்கும் பண்பாடு அவற்றுக்குக் கிடையாது. தவறான பெட்டியில் செருகினால் புகை வரும். தரநிலைப் பெயர் போட்டதையே வாங்குங்கள். மூன்று, இடி. நம் வயல்வெளியில் கோடை இடி எப்படி இறங்கும் என்று தெரியும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செம்புக் கேபிளை வெட்டவெளியில் இழுக்காதீர்கள். அங்கே கண்ணாடி இழை போடுங்கள். மாடியில் வைக்கும் பெட்டிக்கு இடிதாங்கிக் கருவியும் நல்ல எர்த்தும் கட்டாயம்.

தம்பி தங்கைகளே, இதற்கு இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டும் என்று ஒதுங்காதீர்கள். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இந்த எட்டு நிறத்தையும் வரிசை மாறாமல் ஆர்.ஜே. 45 முனையில் நுழைத்துக் கிரிம்பிங் கருவியால் ஓர் அழுத்து, அவ்வளவுதான். நன்னூல் சூத்திரத்தை மனப்பாடம் செய்த உங்களுக்கு எட்டு நிறம் ஒரு பொருட்டா? கம்பி இழுக்கும் அன்றைக்கு நான் கருவிப் பையோடு வருகிறேன். நீங்கள் நாலு பேர் வந்தால் போதும். ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். பிறகு அந்தப் பெட்டியைப் பராமரிக்க வெளியூர் ஆளைக் கூப்பிட வேண்டியிராது.

முன்னாள் மாணவ நண்பர்களே, உங்களிடம் கேட்பதும் அதிகமில்லை. ஒருவர் பேட்டரி, ஒருவர் ஸ்விட்ச், ஒருவர் கேபிள் சுருள் என்று பங்கு போட்டுக்கொண்டால் அடுத்த சந்திப்புக்குள் முடித்துவிடலாம். கூடவே ஒரு வேண்டுகோள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் பொறுப்பை ஓர் ஆளின் பெயர் போட்டு எழுதி வையுங்கள். வாங்கி வைத்த பொருள் பல இடங்களில் வீணாவது பணம் இல்லாமல் அல்ல. பார்க்க ஆள் இல்லாமல்தான்.

 சாப்பாட்டு மணி அடித்துவிட்டதாகச் செயலாளர் ஜாடை காட்டுகிறார். சேதியை நான் சொல்லிவிட்டேன். சோறு அந்தப் பக்கம் தயாராக இருக்கிறது. வணக்கம்.